600 புத்தகங்களைக் குறைத்துவிட்டு மின்னூலுக்கு மாறலாமா?

கேள்வி:
சின்ன வீட்டுக்கு மாறுகிறோம். 600 புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன, பாதியையாவது கொடுத்துவிட்டு இனி மின்னூலாகவே படிக்கலாம் என்று பார்த்தால், கையில் எடுத்ததும் முதல் பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதிய தேதி கண்ணில் படுகிறது, புத்தகம் திரும்ப அலமாரிக்கே போய்விடுகிறது. எதை வைத்துக்கொள்வது?

பதில் 1:
அப்பா எழுதியவற்றைத் தொடாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள். நாவல்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். படம், வரைபடம் நிறைந்தவையும் மறுபதிப்பு வராதவையும் இருக்கட்டும். பழைய இலக்கியம் என்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்.

பதில் 2:
மின்னூலைக் காசு கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் கிடைப்பது படிக்கும் உரிமம்தான். 2009இல் அமேசான், தான் விற்ற சில நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே (அதன் மின்னூல் படிக்கும் கருவி) அழித்தது (பணம் திரும்பக் கிடைத்தது, அது வேறு விஷயம்). அதனால் உயிராக நினைப்பவை அச்சிலேயே இருக்கட்டும். அப்புறம், ஸ்கேன் செய்த பிடிஎஃப் 6 அங்குலத் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், ஈபப் என்ற மின்னூல் கோப்பு வடிவம் என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்பா தேதி போட்டவை 43 தேறின. முதல் பெட்டியில் அவற்றைத்தான் வைத்தேன்.