ராணுவ வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வேலூர்க்காரி:
வீட்டுக்காரர் ஹவில்தார். பையன் ஏழாவது. பதான்கோட்டில் ஆரம்பித்து ஜபல்பூர், செகந்திராபாத் சுற்றி, இப்போ ஊர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. நாலாவது பள்ளி இது. அவருக்கு ஃபீல்ட் போஸ்டிங், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அதனால் மாமியார் வீட்டுக்கே வந்துட்டோம்.

சேர்க்கும்போதே தகராறு. வெளி மாநில டி.சி.யில் அங்கத்தியக் கல்வி அதிகாரி கையெழுத்து வேணும்னாங்க. அதுக்காகச் செகந்திராபாத்துக்கு ஆள் பிடிச்சு அனுப்பி, பதினெட்டு நாள் பையன் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

போன வாரம் தமிழ்த் தேர்வுத்தாள் வந்தது. ஐம்பதுக்கு நாலு. பிரிச்சுப் பார்த்தால், கடைசிக் கேள்விக்கு ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கான். பதில் சரி, தமிழும் சரி, எழுத்து மட்டும் ஹிந்தி எழுத்து! 'ழ' வர்ற இடத்துக்கு ஹிந்தியில் எழுத்து தெரியலை போல, அங்கே மட்டும் தமிழ் 'ழ' போட்டிருக்கான். அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பில் ஒரு கோடு, பூஜ்யம். வகுப்பில் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சாங்களாம்.

நான் கேட்கிறது இதுதான். இந்தப் பிள்ளைகளுக்குன்னு பள்ளி ஏதாவது செய்யணுமா, இல்லை நாங்கதான் சமாளிச்சுக்கணுமா?

சாக்பீஸ்:
தாளைத் தூக்கிக் காட்டியது அநாகரிகம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: வேண்டாம்.

நான் அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். எங்கள் ஊரைச் சுற்றிச் செங்கல் சூளைகள். பொங்கலை ஒட்டி ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வரும், மழைக்கு முன் போய்விடும். அந்தப் பிள்ளைகளும் வருஷத்துக்கு இரண்டு பள்ளி பார்க்கிறார்கள். டி.சி.யே கிடையாது, கையெழுத்துக்கு எங்கே போவது? அவர்கள் அப்பன் சீருடை போடவில்லை, அதனால் யாரும் இங்கே விவாத இழை தொடங்குவதில்லை.

உங்களுக்குக் கே.வி.யில், அதாவது மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில், முதல் முன்னுரிமை. பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு கல்விப்படி. பணி முடிந்து வந்தால் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி இடம். இதற்கு மேல் பள்ளியும் தனியாகக் கவனிக்க வேண்டும் என்றால், சூளைப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்?

டி.சி. விஷயத்தில் பள்ளி செய்தது தவறு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு: டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இது எல்லாப் பிள்ளைக்கும்தான்.

பாலைக்கிளி:
சார், ஒரு திருத்தம். அந்த 5ஆம் பிரிவு மாற்ற உரிமை அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு மாறுவதற்குத்தான். சுயநிதிப் பள்ளிகளை அதே பிரிவிலேயே விலக்கி வெச்சிருக்காங்க. கே.வி., நவோதயா மாதிரிப் பள்ளிகளையும்தான். அக்கா சேர்த்தது மெட்ரிக்.

நானும் பட்டாளத்து வீட்டுப் பெண். பன்னிரண்டு வகுப்புக்கு ஏழு பள்ளி. சூரியக் குடும்பத்தை மூணு தடவை படிச்சேன், பின்னத்தை ஒரு தடவைகூடப் படிக்கலை. பழைய பள்ளியில் அது அடுத்த மாசப் பாடம், புதுப் பள்ளியில் போன மாசப் பாடம். பத்தாவது வரைக்கும் பின்னக் கணக்கைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும்.

கே.வி.யைச் சலுகைன்னு சொல்றீங்க. அது பிறந்ததே இதுக்குத்தான் சார். 1963ல் படைப்பிரிவுகள் நடத்திய 20 பள்ளிகளை எடுத்துத்தான் ஆரம்பிச்சாங்க. ஒரே புத்தகம், ஒரே மொழி, எங்கே போனாலும் அடுத்த பக்கத்திலிருந்து தொடரலாம். கடைசி 7 வருஷத்தில் எத்தனை மாற்றல்னு எண்ணித்தான் இடம் கொடுக்கிறாங்க. ஊர் மாறும் பிள்ளை தனி வகைன்னு அரசாங்கமே அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒத்துக்கிட்டாச்சு. பிரச்சினை அந்த வளையத்தை விட்டு வெளியே வந்ததும்தான்.

சுபேதார்_ஓய்வு:
28 வருஷ சர்வீஸ். என் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் படித்து ஆளானார்கள். அழுகாச்சி எதற்கு?

பள்ளி செய்யும் 'உதவி'யை நான் பார்த்திருக்கிறேன். பேரன் படிக்கும் பள்ளியில் ஆகஸ்ட் 15க்கு அவனுக்குப் பச்சைச் சட்டை மாட்டி, கையில் பொம்மைத் துப்பாக்கி கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள். "இவன் அப்பா இந்த நிமிஷம் எல்லையில் நிற்கிறார்" என்று மைக்கில் ஒரு டீச்சர். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் அப்பா அப்போது இருந்தது மீரட்டில், ஸ்டோர் கணக்கு எழுதிக்கொண்டு! அன்று ராத்திரி பையன் கேட்டான், "தாத்தா, அப்பா செத்துப்போவாரா?" இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம். இந்தக் கவனிப்பு எங்களுக்கு வேண்டாம் சாமி.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே அம்மா. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியாதது பள்ளியின் குற்றமா, வீட்டின் குற்றமா?

வேலூர்க்காரி:
கோபம்தான் வருது ஐயா. நீங்க சர்வீஸில் இருந்தப்போ பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது நீங்களா, அம்மாவா?

பதான்கோட் குவார்ட்டர்ஸில் கைக்குழந்தையோட தனியா இருந்தேன். தண்ணி காலையில் ஒரு மணி நேரம் வரும். பள்ளிப் பாடம் ஹிந்தி, இங்கிலீஷ், சமஸ்கிருதம். அதுக்கு மேல தமிழுக்கு உட்கார வெச்சா தூங்கி விழுவான். உயிரெழுத்து வரைக்கும் வந்தோம். வீட்டில் தமிழ்தான் பேசறான், சரளமா. எழுத்து மட்டும்தான் இல்லை.

மேடை விஷயத்தில் உங்க பக்கம்தான் நான். எனக்கு மேடை வேண்டாம். அவர் இருக்கிற இடத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை சிக்னல் கிடைக்கும், அதுவும் பகல் நேரத்தில். ஆபீஸ் போனில் ரெண்டு நிமிஷம் பையனோட பேச விடுவீங்களான்னு கேட்டேன். "எல்லாரும் கேட்பாங்க மேடம்"னு பதில். அவர் லீவில் வந்த வாரம் பையனை நாலு நாள் வீட்டில் வெச்சுக்கிட்டேன், வருகைப்பதிவு குறையுதுன்னு கடிதம் வந்தது. லீவு எங்க இஷ்டத்துக்கா கிடைக்குது?

ஆவடி72:
எல்லாரும் ராணுவம் ராணுவம்னே பேசறீங்க. நான் சி.ஆர்.பி.எஃப்., மத்திய ரிசர்வ் போலீஸ் படை. உள்துறைக்குக் கீழே வர்றோம், அதனால் 'முன்னாள் படைவீரர்' பட்டியலில் நாங்க கிடையாது. சாக்பீஸ் சார் சொன்ன பொறியியல் இடம் என் பெண்ணுக்கு இல்லை. சத்தீஸ்கர் காட்டில் இருந்தாலும் காஷ்மீரில் இருந்தாலும் அதே தோட்டாதான். பள்ளி ஏதாவது செய்யறதா இருந்தா, அப்பன் எந்தத் துறைன்னு பார்க்காம செய்யட்டும்.

சாக்பீஸ்:
பாலைக்கிளி சொன்ன திருத்தம் சரி. சுயநிதிப் பள்ளி என்பதை நான் கவனிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அன்றைக்கே சேர்த்திருப்பேன்.

ஆவடி நண்பர் சொல்வதுதான் என் வாதமும். வரிசையில் ஒருவரைச் சேர்த்தால் அடுத்தவர் கேட்பார். அதில் நியாயமும் இருக்கும்.

சான்_ஆண்டோனியோ:
நான் டெக்சஸில் இருக்கேன். என் மகள் வகுப்பில் பாதிப் பேர் படைவீரர் பிள்ளைகள். இங்கே மாநிலத்துக்கு மாநிலம் பாடத்திட்டம் வேற, நம்ம ஊர்த் தலைவலியேதான். 2008ல் மாநிலங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட ஆரம்பிச்சாங்க, இப்போ 50 மாநிலமும் அதில் இருக்கு. அம்மா கையில் கொண்டு வர்ற நகல் பேப்பரை வெச்சே பிள்ளையைச் சேர்த்து உட்கார வைக்கணும், அசல் அப்புறம் வரட்டும். தடுப்பூசி பாக்கி இருந்தா 30 நாள் அவகாசம். அப்பாவோ அம்மாவோ போர்முனைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் எடுக்கிற லீவைப் பள்ளி மாவட்டத் தலைமை அதிகாரி அனுமதிக்கலாம். வேலூர்க்காரி சொன்னதில் டி.சி.யும் லீவும் எழுத்திலேயே இருக்கு. பெரிய செலவும் இல்லை.

சாக்பீஸ்:
அங்கே பண்ணை வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு?

சான்_ஆண்டோனியோ:
அதுக்கும் மத்திய அரசுத் திட்டம் இருக்கு சார், 1966லிருந்து. இன்னும் சொன்னா, அதுதான் மூத்தது.

சாக்பீஸ்:
அப்படியானால் பாதி வழக்கை நான் ஜெயித்தேன். இடம் மாறும் பிள்ளை என்று ஒரே விதி போடுங்கள். ராணுவம், சி.ஆர்.பி.எஃப்., வங்கி, சூளை எல்லாம் அதற்குள் வரட்டும்.

பாலைக்கிளி:
டி.சி., பாடம், மொழி வரைக்கும் ஒரே விதி சரி சார். ஆனா வங்கி மேனேஜர் பையன் டி.வி. செய்தியைப் பார்த்து நடுங்க மாட்டான். 2019 பிப்ரவரியில் புல்வாமா செய்தி வந்தப்போ நான் பதினொண்ணாவது. மறுநாள் முதல் பீரியடில் கணக்கு மிஸ் என் பக்கமே பார்க்கலை, ஒண்ணும் கேட்கலை. கரும்பலகையில் கணக்கை எழுதிட்டு, நடந்து வந்து என் நோட்டுக்குப் பக்கத்தில் சாவியை வெச்சாங்க. "ஸ்டாஃப் ரூமில் போன் இருக்கு, போய்ட்டு வா." அவ்வளவுதான். அப்பா ஜோத்பூரில் பத்திரமா இருந்தார், எனக்கும் அது தெரியும். ஆனாலும் போய்ப் பேசிட்டு வந்தேன். அந்த மிஸ்ஸுக்கு யார் வீட்டில் யார் எங்கே இருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தது. அதை எந்த விதியில் எழுதுவீங்க?

சுபேதார்_ஓய்வு:
அந்த டீச்சருக்கு என் சல்யூட். மேடையில் ஏற்றாமல் செய்தார் பாருங்கள்.

வேலூர் அம்மா, நேற்று நான் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார் என்று வீட்டுக்காரி நினைவுபடுத்தினாள். மன்னிக்கவும்.

வேலூர்க்காரி:
பரவாயில்லை ஐயா. அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க.

சாக்பீஸ் சார், எனக்கு இப்போ பயம் பத்தாவதுதான். 2006 சட்டப்படி பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம். மூணு வருஷம் இருக்கு. முடியுமா?

சாக்பீஸ்:
மூன்று வருஷம் எதற்கு? பேசத் தெரிந்த பிள்ளைக்கு மூன்று மாதம் போதும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள். பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூல் கேட்டுப் பாருங்கள், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ளது. வெட்கப்படுவான், அட்டை போட்டுக் கொடுங்கள். தினம் அரை மணி. முதலில் அவன் ஹிந்தி எழுத்தில் எழுதிய அதே பக்கத்தை அவனையே தமிழில் பெயர்த்து எழுதச் சொல்லுங்கள். சொல்லெல்லாம் அவனுடையது, எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒடிசாப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன், ஒடியா எழுத்திலிருந்து.

அந்த 'ழ'வுக்கு நான் அரை மதிப்பெண் போட்டிருப்பேன்.

வேலூர்க்காரி:
அரையா? நாலு இடத்தில் போட்டிருக்கான் சார். ரெண்டாவது போடுங்க.