30 வினாடி குத்துவிளக்கு விளம்பரம்: பித்தளை பச்சையடிக்கிறது, நேரமும் தாண்டுகிறது

குடந்தை மூவர்:
வணக்கம். நம் பகுதிக் கைத்தொழில் ஒன்றை 30 வினாடி விளம்பரமாக எடுத்து அனுப்பும் போட்டி. நாச்சியார்கோயில் குத்துவிளக்கை எடுத்துக்கொண்டோம். ஆள் மூன்று பேர். கையில் இருப்பது மேனுவல் கேமரா ஆப் உள்ள போன், டிரைபாட், சின்ன எல்இடி பேனல், காலர் மைக். வார்ப்புப் பட்டறையில் அரை நாள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சோதனைக்கு எடுத்துப் பார்த்ததில் வந்த சிக்கல்கள்:

பித்தளை பச்சை சாயலாகத் தெரிகிறது. தண்டில் போனும் ஆளும் தெளிவாகத் தெரிகிறோம். சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறது. ஸ்கிரிப்டைப் படித்தால் 38 வினாடி ஓடுகிறது. காவிரி, சோழர், பரம்பரை என்று எல்லாம் அதில் இருக்கிறது. பின்னணி இசைக்கு என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள். தமிழ் எழுத்து டைட்டிலில் கொம்பு தனியே போய் நிற்கிறது.

ஒளிவட்டம்:
பச்சையிலிருந்து ஆரம்பிப்போம். பட்டறையில் டியூப்லைட், வாசல் வழியே பகல் வெளிச்சம், உங்கள் எல்இடி என மூன்று ஒளி கலக்கிறது. டியூப்பிலும் மலிவு எல்இடியிலும் சிவப்பு குறைவு, பச்சை தூக்கல். ஃபிரேம் முழுக்க மஞ்சள் உலோகம் நிறைந்ததும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட போன் தானே நிறத்தைச் சரிசெய்வது) ஏமாந்து, மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். பித்தளை வெளிறிப்போய், மிச்சமிருக்கும் பச்சை மேலே வந்துவிடும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமா, எல்இடியா, ஒன்றை மட்டும் வையுங்கள். விளக்கு நிற்கும் அதே இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டுப் பிறகு விளக்கை வையுங்கள். பேனல் வாடகைக்கு எடுப்பதானால் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு, 100க்கு) 95க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பிரதிபலிப்பு. தண்டு உருண்டை, மெருகேற்றிய உருண்டைப் பித்தளை எதிரே இருப்பதோடு இரு பக்கமும் இருப்பதையும் சேர்த்துக் காட்டும். அதற்கு லைட் போடுவது என்றால், அது எதைப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்வதுதான். எட்டு முழ வேட்டி இரண்டு எடுங்கள், கரை இல்லாததாக. விளக்குக்கு இடமும் வலமும் இரண்டடி தள்ளிக் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு வேட்டிக்குப் பின்னால் மூன்றடியில் பேனல். மறுபக்க வேட்டி தானாகவே மெல்லிய வெளிச்சத்தைத் திருப்பித் தரும். முன்னால் லென்ஸுக்கு ஒரு சாண் இடைவெளி போதும். இப்போது தண்டில் நீளமான வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். உலோகம் உலோகமாகத் தெரிவது அந்தக் கோட்டால்தான். வெள்ளையே சுற்றி இருந்தால் விளிம்பு பின்னணியோடு கரைந்துவிடும். அதற்கு மூன்று அங்குல அகலக் கருப்புச் சார்ட் பட்டை இரண்டை, விளக்குக்குச் சற்றுப் பின்னால் ஃபிரேமுக்கு வெளியே இரு பக்கமும் நிறுத்துங்கள்.

போனை ஒட்டி வைத்து அகல லென்ஸில் எடுக்காதீர்கள். தண்டு புடைத்துத் தெரியும், உங்கள் முகமும் பெரிதாக விழும். ஐந்தாறு அடி தள்ளி, உண்மையான டெலி லென்ஸ் (தூரத்தைக் கிட்டக் காட்டுவது) இருந்தால் அதில் எடுங்கள். எடுப்பவர் கருப்புச் சட்டை. போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் அது உதவும், வெறும் உலோகத்தின் பளபளப்பைக் குறைக்காது. காசு மிச்சம்.

விளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் உடனே நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். இடுக்கில் புளித்தண்ணீர் நின்றால் கறுப்புத் திட்டு விழும். அதன் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. பருத்தித் துணியால் பிடியுங்கள். கைரேகை கண்ணுக்குத் தெரியாது, குளோசப்பில் தெரியும்.

நேரக்கணக்கு:
38 வினாடிக்குக் காரணம் வேகமாகப் படிக்காதது இல்லை, நிறையச் சொல்லப் பார்ப்பது. சோழரை எடுத்துவிடுங்கள். போட்டிக்கு வரும் டெல்டா வீடியோக்களில் பாதிக்கு மேல் கோபுரத்தில்தான் தொடங்கும். பார்ப்பவருக்கு உங்களுடையது எது என்று நினைவிருக்காது.

இந்த விளக்கிடமே ஒரு கதை இருக்கிறது. அது ஒரே வார்ப்பு இல்லை. பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எனத் தனித்தனியாக வார்த்து, லேத்தில் கடைசல் போட்டு, மரை வைத்துத் திருகிச் சேர்ப்பது. அந்தச் சேர்ப்பைத்தான் விளம்பரத்தின் முதுகெலும்பாக வைப்பேன்.

- வண்டல் மண்ணைக் கை அழுத்துவது: 3 வினாடி
- உருக்கிய பித்தளை ஊற்றுவது: 4
- லேத்தில் துருவல் விழுவது: 3
- நான்கு பாகமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, பாகத்துக்கு 2 வீதம்: 8
- துணியால் ஒரு துடைப்பு: 2
- திரி ஏற்றுவது: 6
- பெயர்ப் பலகை: 4

30 ஆயிற்று. ஆனால் 30ஐத் தொடாதீர்கள். ஆடியோவின் வால் இரண்டு ஃபிரேம் (வீடியோவில் வினாடிக்கு 25 வீதம் ஓடும் தனிப்படம்) நீண்டாலே கோப்பு 30.08 என்று காட்டும், விதியைக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் தள்ளிவிடுவார்கள். 25 ஃபிரேம் வேகத்தில் 29 வினாடி 20 ஃபிரேமில் முடியுங்கள். அந்த ஐந்து ஃபிரேமைப் பெயர்ப் பலகையில் வெட்டுங்கள்.

பேச்சு: தமிழில் வினாடிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போனால் செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடும். 30 வினாடிக்கு 40 சொல் உச்சவரம்பு. இங்கே அவ்வளவுகூட வேண்டாம். பாகம் ஏறும்போது “பீடம். தண்டு. தட்டு. அன்னம்.” சுடர் வந்ததும் “நாச்சியார்கோயில் குத்துவிளக்கு.” ஆறு சொல். மிச்சத்தைப் பட்டறைச் சத்தம் பேசட்டும்.

நான்கு பாகமும் ஏறும் ஷாட்டுகளில் டிரைபாடை அசைக்கவே கூடாது. ஒரு அங்குலம் நகர்ந்தாலும் வெட்டும்போது விளக்கு குதிக்கும். கால் மூன்றையும் தரையில் சாக்பீஸால் குறித்துவையுங்கள்.

குடந்தை மூவர்:
ரொம்ப நன்றிண்ணே. சேர்ப்பை வைத்தே எடுக்கிறோம். ஊற்றும் ஷாட்டும் சுடரும்தான் பயமாக இருக்கிறது. ஊற்றுவது ஒரே தடவைதானாம், மறுபடி செய்யமாட்டார்களாம்.

ஒளிவட்டம்:
செய்யச் சொல்லவும் கூடாது, அது அவர்களுடைய அன்றைய வேலை. பித்தளை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகி ஓடும். ஆறடிக்குள் போகாதீர்கள். நைலான் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் உலோகம் தெறிக்கும். வெள்ளையாக எழும் புகை துத்தநாகப் புகை. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.

ஆட்டோவில் விட்டால் உலோகம் வெளியே வந்த நொடியில் போன் தடுமாறி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அந்த நான்கு வினாடியையும் கெடுத்துவிடும். ஐஎஸ்ஓவை (ஒளிக்கான கூர்மை அளவு) கடைசி அளவுக்கு இறக்கி, ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம்) 1/200 வினாடியில் பூட்டி, உலோகம் ஊற்றும் மண் அச்சுப்பெட்டியின் வாயில் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். பட்டறை இருட்டாகத் தெரியும், பதறாதீர்கள். உலோகம் வந்ததும் அதுவே வெளிச்சம். ஆனால் 1/200 டியூப்லைட் எரியும்போது ஆகாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் வினாடிக்கு 100 முறை துடிக்கும். டியூப் எரிந்தால் 1/50 அல்லது 1/100 மட்டுமே, இல்லாவிட்டால் படத்தில் பட்டை ஓடும். போனில் வழக்கமாக இருக்கும் 30 ஃபிரேம், 1/60 கூட இங்கே இதே தொல்லையைத் தரும், அதனால்தான் 25. இரண்டாவது போன் யாரிடமாவது வாங்கி வேறு கோணத்தில் ஓடவிடுங்கள்.

சுடர்: வெள்ளைப் பொட்டாவது பித்தளைக்கு எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) வைத்ததால். முறையைத் திருப்புங்கள். சுடரின் மஞ்சள் விளிம்பு தெரியும்வரை எக்ஸ்போஷரை இறக்கிப் பூட்டுங்கள். பிறகு வேட்டிக்குப் பின்னால் இருக்கும் பேனலை மெல்ல ஏற்றி, பித்தளை தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஒயிட் பேலன்ஸைச் சுடருக்குச் சரிசெய்யாதீர்கள். சுடர் 1900 கெல்வின் (ஒளியின் நிற அளவு, குறைந்தால் செம்மஞ்சள், கூடினால் நீலம்) பக்கம், அதை வெள்ளையாக்கினால் மற்றதெல்லாம் நீலமாகிவிடும். 3200இல் வைத்தால் சுடர் பொன்னிறமாகவே நிற்கும், ஆனால் பேனலும் 3200இல் இருக்கவேண்டும்.

திரியைப் பத்து நிமிடம் நல்லெண்ணெயில் ஊறவைத்து, நுனியில் கற்பூரத்தூள் தொட்டுவையுங்கள், தீக்குச்சி பட்டதும் பிடிக்கும். நுனி கால் அங்குலத்துக்கு மேல் நீண்டால் புகையும். ஒவ்வொரு டேக்குக்கும் புதுத் திரி, அதே அளவு எண்ணெய். எரிந்த கறுப்பு நுனியை மறுபடி ஏற்றுவது பார்ப்பவர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். சுடர் ஷாட்டைக் கடைசியில் எடுங்கள். எண்ணெயும் கரியும் பட்டபின் பழைய பளபளப்பு அன்று திரும்பாது.

சுதி:
சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. காலர் மைக்கை யாருக்கும் மாட்டவேண்டாம், இங்கே பேட்டி இல்லை. மரை திருகும் உரசல், தட்டு உட்காரும்போது வரும் ‘ணங்’, மண் தட்டும் ஒலி, இவற்றைப் படம் எடுத்தபின் தனியாக, மைக்கை ஒரு அடியில் வைத்து, ஃபேனும் லேத்தும் நிறுத்திப் பதியுங்கள். உச்சம் -12 முதல் -6 டெசிபெலுக்குள். விளக்கை மேசையில் வைத்துத் தட்டினால் மேசைதான் ஒலிக்கும். தண்டைச் சணல் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தொட்டால் முழு ஓசை வரும். பட்டறையின் வெறும் அமைதியையும் 30 வினாடி பதிந்துவையுங்கள், இணைப்புகளை மறைக்க வேண்டியிருக்கும். ஆடி மாதமென்றால் கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த நேரம் பார்த்துப் போங்கள்.

இசை: சினிமாப் பாட்டு, அதன் கவர், ரிங்டோன் எதுவும் வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு வேறு: “தியாகராஜர் கீர்த்தனைக்கு ஏது உரிமை” என்று யூடியூபிலிருந்து எடுத்துப் போடுவது. அவர் 1847இல் மறைந்தார், கீர்த்தனைக்கு உரிமைக் காலம் இல்லைதான். ஆனால் அதை வாசித்துப் பதிந்தவரின் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, வெளியாகி 60 ஆண்டு வரை. தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்கும் இதேதான். உள்ளூர் நாகஸ்வரக்காரர் ஒருவரிடம் பத்து வினாடி ஆலாபனை வாசிக்கச் சொல்லி, விளம்பரத்தில் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வாங்கி, பேசிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். நாகஸ்வரத்தை மூடிய அறையில் பதியாதீர்கள், ஒலி உடையும். திண்ணையோ முற்றமோ, மைக் எட்டு அடி தள்ளி.

எழுத்தாணி:
கொம்பு தனியே நிற்பது எழுத்துருவின் தப்பு இல்லை, எடிட்டிங் ஆப்புக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. பிரீமியர் (அடோபியின் எடிட்டிங் மென்பொருள்) என்றால் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். போன் ஆப் என்றால் போராடவேண்டாம்: பெயரை லிப்ரேஆபிஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவச உரிமத்தில் கிடைக்கிறது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு வேண்டாம், இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், எடிட்டிங்கில் சத்தம் விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத 25க்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடித்த வீடியோவை வெளியேற்றுவது எச்.264 வடிவம், 1080 அளவு, வினாடிக்கு 16 மெகாபிட் (எம்பிபிஎஸ்). கோப்பு 60 எம்பி அளவில் வரும். ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கியதைத்தான் போட்டிக்கு ஏற்றுவீர்கள்.

பெயர்ப் பலகையில் ‘நம்பர் 1’, ‘100% சுத்தம்’ வேண்டாம், நிரூபிக்க முடியாததை விளம்பரத்தில் போடக்கூடாது. புவிசார் குறியீட்டு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு) முத்திரையைப் போடும் ஆசை இருந்தால், பட்டறைக்காரர் பதிவு பெற்ற பயனாளரா என்று முதலில் கேளுங்கள்.

குடந்தை மூவர்:
கடைசியாக ஒன்று. முதல் ஷாட்டுக்கு தாராசுரம் கோயிலை டிரோனில் எடுக்கலாம் என்று ஒருவன் பிடிவாதம் பிடிக்கிறான்.

நேரக்கணக்கு:
தாராசுரம் தொல்லியல் துறை பொறுப்பில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னம். விளம்பரப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே உரிமம் வாங்கவேண்டும், டிரோனுக்குத் தனி அனுமதி. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது. எங்கே பறக்கவிட்டாலும் முதலில் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் (டிரோன் பறக்கலாமா என்று நிறத்தால் காட்டும் அரசு வரைபடம்) அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் கடைசித் தேதி போய்விடும். அந்த மூன்று வினாடிக்கு வண்டல் மண்ணில் அழுந்தும் கை போதும், தம்பியிடம் அந்தக் கையை எடுக்கும் வேலையைக் கொடுங்கள்.