கொரியப் போருக்குச் சென்ற பாராசூட் மருத்துவப் பிரிவினரின் குடும்பங்களைத் தேடிக் கண்டடைவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா இந்திய இராணுவத்தின் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற போர்க்கள மருத்துவப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 1950 நவம்பரில் புசான் துறைமுகத்தில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் உயிரோடு இருந்தவரை பொங்கலை ஒட்டியும் தீபாவளியை ஒட்டியும் பஞ்சாபிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் அவருடன் பணியாற்றியவர்கள் எழுதிய இன்லேண்டு கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் காலமான பிறகு, இறப்புச் செய்தியை எழுதிப் போட்டதோடு எங்கள் பக்கத்திலிருந்து கடிதம் போவது நின்றுவிட்டது. அவர்களில் எவரும் இப்போது உயிரோடு இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னிடம் இருப்பவை மூன்று: அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் (இராணுவப் பணியிலிருந்து விடுவித்தபோது கொடுத்தது), பின்புறத்தில் பென்சிலால் பெயர்கள் எழுதப்பட்ட ஒரு குழுப் படம், ஒரு கட்டுக் கடிதங்கள். கடிதங்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன, ஆனால் மொழி ஆங்கிலமன்று. படத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ தேடிக் கண்டுபிடிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? இத்தனை ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது முறையாகுமா?

பதில் 1

தம்பி, நான் இராணுவ மருத்துவப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவன். முதலில் அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். அக்காலத்து இராணுவத்தில் தமிழரும் சீக்கியரும் மராட்டியரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள, ஆங்கில எழுத்தில் எழுதிய இந்துஸ்தானியே பொதுவாக இருந்தது. சிப்பாய்களுக்கு அதைப் பாடமாகவே கற்றுக்கொடுத்தார்கள். சொற்களை வாய்விட்டு உரக்கப் படித்தால் இந்தி தெரிந்த எவருக்கும் பொருள் விளங்கிவிடும். உங்கள் ஊரில் இந்தி பேசத் தெரிந்த ஒரு முன்னாள் படைவீரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரிவினருக்குள் இருந்த நெருக்கத்துக்குக் காரணமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1950 டிசம்பரில் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கியபோது வண்டிகள் இல்லாத நிலையில், மருத்துவக் கருவிகளைக் கைவிட்டு வர மனமில்லாமல், கைவிடப்பட்டிருந்த ஒரு நீராவி எஞ்சினைத் தாங்களே மூட்டிக் கிளப்பி, எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 1951 மார்ச் 23 அன்று மூன்சானில் அமெரிக்கர்களின் 187ஆவது படைப்பிரிவு வான்குடையில் குதித்தபோது, ரங்கராஜ் உட்பட 12 பேர் அவர்களுடன் குதித்தார்கள். மற்றொரு பகுதியினர் தென்கொரியாவின் தேகு நகரில் தங்கிப் பொதுமக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். 1954 தொடக்கம் வரை, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கொரியாவில் இருந்த, ஏறத்தாழ 350 பேர் கொண்ட பிரிவு அது. அங்கே ஒருவரை ஒருவர் தெரியாதவர் என்று எவரும் இருந்திருக்க முடியாது.

இனி நடைமுறை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படை எண், பதவி, யூனிட் ஆகியவை இருக்கும். அவற்றைக் குறிப்பிட்டு, நீங்கள் அவருடைய பேரன் என்பதற்கான சான்றின் நகலையும் இணைத்து, லக்னோவில் உள்ள இராணுவ மருத்துவப் படையின் ஆவண அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவர்கள் பிறருடைய முகவரியைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஆகவே முகவரி கேட்காதீர்கள். குடும்பத்தாருக்கு நீங்கள் எழுதிய கடிதம் ஒன்றை ஒட்டாத உறையில் வைத்து, அதைச் சேர்ப்பிக்க வழி உண்டா என்று மட்டும் கேளுங்கள். படத்தில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால், அந்தந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். குடும்ப ஓய்வூதியம் பெறும் மூதாட்டிகளை அங்குள்ள ஊழியர்கள் பெயர் சொல்லியே அறிவார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று நடக்கும் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போவது இன்னும் நல்லது, ஏனெனில் ஒரே அறையில் பல கிராமத்தார் கூடுவார்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: மங்கிய பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதிவிடாதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்தால், பென்சில் அழுத்திய தடம் நிழலாகத் தெரியும்.

பதில் 2

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். 1971 டிசம்பர் 11 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள டாங்கைலில் 2ஆவது பாராசூட் பட்டாலியன் குதித்தபோது அதனுடன் குதித்த பீரங்கிப் பிரிவில் என் அப்பா இருந்தார். பூங்லி பாலத்தைப் பிடித்த அந்த இரவைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, அவருடன் இருந்த ஒருவரின் மகன் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வான்குடைகள் சிதறி விழுந்த இருட்டில், வயலில் இறங்கிய வீரர்களுக்கு ஊர்மக்கள் சாமான் தூக்கி உதவினார்கள் என்பதையும், அப்பா அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் நாங்கள் அந்த அழைப்பில்தான் முதன்முதலாகக் கேட்டோம். அம்மா அன்று வெகுநேரம் அழுதார். அதன் பிறகு அந்தக் குடும்பத்தை உறவாகவே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு டிசம்பர் 11ஆம் நாளும் இரு வீட்டிலும் பேசிக்கொள்கிறோம். எனவே முறையாகுமா என்று தயங்க வேண்டாம். ஒரு வீட்டில் இருக்கும் மனிதரைப் பற்றிய செய்தி பல நேரங்களில் இன்னொருவர் வீட்டில்தான் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் தொடங்கும் விதத்தில் கவனம் வேண்டும். எடுத்த எடுப்பிலேயே போரைப் பற்றிக் கேட்காதீர்கள். நீங்கள் யார், எந்த ஊர், தாத்தாவின் பெயர் என்ன என்று சொல்லி, அவர்கள் வீட்டுப் பெரியவர் இருக்கும் படத்தின் நகலை முதலில் அனுப்புங்கள். எதையும் கேட்பதற்கு முன் ஒன்றைக் கொடுத்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கு நம்பிக்கை வரும். பணம் பறிக்கும் அழைப்புகள் மலிந்த இந்நாளில் அது மிகவும் தேவை. பெரும்பாலும் இத்தொடர்பைக் காப்பவர்கள் மகள்களும் மருமகள்களும்தாம். ஆகவே வீட்டுப் பெண்களிடம் பேசத் தயங்காதீர்கள். மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். எழுத்துச் செய்தியைவிடக் குரல் நெருக்கமானது.

பதில் 3

நான் புசானில் ஆராய்ச்சியாளராகப் பணிபுரிகிறேன். இங்கே தேஜோங்தே கடற்கரைக்கு அருகில், போரின்போது மருத்துவ உதவிக் குழுக்களை அனுப்பிய நாடுகளுக்கான நினைவுச் சின்னம் 1976 முதல் நிற்கிறது; இந்தியாவின் பெயரும் அதில் இருக்கிறது. தென்கொரியா 1975 முதல், அந்தப் போரில் பங்கேற்ற வெளிநாட்டு வீரர்களை மீண்டும் கொரியாவுக்கு அழைத்து வருகிறது. பின்னாளில் குடும்பத்தினரையும் அழைக்கத் தொடங்கினார்கள். டெல்லியில் உள்ள கொரியத் தூதரகத்துக்கோ சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்கோ தாத்தாவின் பணி விவரங்களுடன் எழுதுங்கள். அவர்கள் தொடர்பில் வைத்திருக்கும் பிற இந்தியக் குடும்பங்களுக்கு உங்கள் செய்தி போய்ச் சேர அது ஒரு வாய்ப்பு. கொரியப் போரில் இந்தியாவின் பங்கை நினைவுகூர்ந்து டெல்லி கன்டோன்மென்டில் 2021 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இந்திய-கொரிய நட்புறவுப் பூங்காவும் இருக்கிறது. குடும்பத்தோடு ஒருமுறை சென்று வாருங்கள்.

ஐயா மேலே சொன்ன வழியில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. லக்னோவிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதில் வர நாளாகலாம். அதற்குள் படத்தில் உள்ள முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய ஒரு மூதாட்டியை நாம் இழந்துவிடக்கூடும். இன்லேண்டு கடிதத்தின் பின்புறம் அனுப்புநர் முகவரி எழுதும் இடம் உண்டு. கிராமத்தின் பெயரும் அஞ்சலகத்தின் பெயரும் அங்கே இருந்தால், அதே முகவரிக்கு அந்தப் பெரியவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவருடைய குடும்பத்தாருக்கு என்று எழுதி இன்றே ஒரு கடிதம் போடுங்கள். சிற்றூர்களில் தபால்காரருக்குக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி விளக்கைச் சாய்த்துப் படமெடுத்ததில், முன்பு தெரியாத சில பெயர்கள் இப்போது படிக்கும்படி இருக்கின்றன. கடிதங்களைப் புரட்டிப் பார்த்ததில், பெரும்பாலானவற்றில் அனுப்புநர் முகவரி இருக்கிறது. பஞ்சாப் முகவரிகளுக்குப் படத்தின் நகலோடு கடிதம் எழுதிவிட்டேன். லக்னோவுக்கான விண்ணப்பமும் தயாராகிறது. ஒரு கடிதம் சாத்தாரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. அக்கா, உங்களுக்கு அறிமுகமான அந்தக் குடும்பத்தாரிடம் அந்தக் கிராமத்தைப் பற்றி விசாரித்துச் சொல்ல முடியுமா? ஊர்ப் பெயரை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.