பில் போட்டு வாங்கியவனுக்குத்தான் ஆடிட்டா?

திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரர்:
கடலூரில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பாதிச் சரக்கு புதுச்சேரியிலிருந்து வருகிறது, பக்கத்து ஊர் என்றாலும் யூனியன் பிரதேசம் என்பதால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி) பில். அங்கே ஒரு மொத்த வியாபாரி என்னிடம் வரியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடாமல் கடையைக் காலி செய்துவிட்டார். இப்போது ஆடிட் நோட்டீஸ் எனக்கு. துண்டுச்சீட்டில் விற்கிறவர்களை யாரும் தொடுவதில்லை. நம் மாதிரி நாடுகளில் ஆடிட்டைச் சரிசெய்ய வழியே இல்லையா?

புதுவை கணக்காளர்:
அண்ணா, முதலில் உங்கள் விஷயம். ஏடிடி-01 என்ற ஜிஎஸ்டி ஆடிட் நோட்டீஸ் வந்தால் ஆடிட்டுக்குக் குறைந்தது 15 வேலைநாள் அவகாசம் உண்டு. பில், இ-வே பில், வங்கியில் பணம் போன கணக்கு, லாரி வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்குங்கள். 2பி-யில், அதாவது விற்றவர்கள் காட்டிய பில்கள் உங்கள் கணக்கில் வரும் பட்டியலில், வராத பில்லுக்குக் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) இல்லை என்று 2022 முதல் சட்டமே சொல்கிறது, அதனால் அது எந்த வருஷத்துப் பில் என்பதை முதலில் பாருங்கள்.

பொருளாதாரம் படிப்பவள்:
சிலியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. தங்களுக்கு ஆடிட் வரப்போகிறது என்று சில கடைகளுக்குத் தெரிந்ததும், அவர்களுக்குச் சரக்கு கொடுத்தவர்கள் கட்டிய வரி கூடியது. பில் இருக்கிற இடத்தில் அந்தப் பில்லே காவல், ஓட்டை கடைசியில் பில் கேட்காத வாடிக்கையாளரிடம்தான். ஆக, அதிகாரிகளின் நேரம் அந்தக் கடைசி விற்பனைக்கும், வரி வாங்கிக் கட்டாத ஆளுக்கும்தான் போக வேண்டும், உங்களுக்கு அல்ல.

நெல்லிக்குப்பம் வாசகர்:
அப்போ யாரை ஆடிட் செய்வது என்பதைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்தால் தீர்ந்ததா? அதிகாரி கையில் விட்டால் தெரிந்த முகத்தைத்தானே பிடிக்கிறார்கள்.

பொருளாதாரம் படிப்பவள்:
நானும் அப்படித்தான் நினைத்தேன். செனகலில் இரண்டையும் ஒப்பிட்டார்கள், கம்ப்யூட்டர் பிடித்த கடைகளைவிட அதிகாரிகள் பிடித்தவற்றில் பலன் குறைவில்லை. தரவு மோசமாக இருந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அதிகாரிகளுக்கு வசூலுக்கு ஏற்ப ஊக்கத்தொகை என்பதும் சிக்கல்தான். பாகிஸ்தான் பஞ்சாபில் சொத்துவரிக்கு அதைச் செய்தபோது வசூல் நன்றாகவே ஏறியது, கூடவே பல இடங்களில் லஞ்சத் தொகையும் ஏறியது. என்னைக் கேட்டால், ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணத்தை நோட்டீஸிலேயே எழுத வேண்டும், அதை இன்னொரு அதிகாரி சரிபார்க்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரர்:
காரணம் எழுதியிருந்தால் பாதி பயம் போயிருக்கும், நாலு நாளாகத் தூக்கமே இல்லை. சரி, பில்கள் 2021 அக்டோபர், நவம்பர்.

புதுவை கணக்காளர்:
அப்படியானால் 2022 விதிக்கு முந்தையவை, நம் பக்கம் வாதம் இருக்கிறது. ஆனால் விற்றவர் வரி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போதும் உண்டு, அதைத்தான் கேட்பார்கள். முதலில் அவரிடம் வசூலியுங்கள் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.