கணவன் மனைவிக்கு ஒரே நிறுவனம், ஜெர்மனி மாற்றலுக்கு இரண்டு விதமான ஒப்பந்தம்: எதில் கையெழுத்துப் போடுவது?

போரூர்க்காரி:

நானும் என் கணவரும் சென்னையில் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் மியூனிக் கிளைக்கு மாற்றல் கடிதம் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு கடிதமும் ஒரே மாதிரி இல்லை. அவரை இந்தியச் சம்பளப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுக்கு அனுப்புகிறார்கள், ஐ.சி.டி. கார்டு (நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகிறவர்களுக்கான அனுமதி). எனக்கு மியூனிக் கிளையின் நேரடி ஒப்பந்தம், ப்ளூ கார்டு (பட்டதாரிப் பணியாளர்களுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி). மனிதவளத் துறையில் கேட்டால், "இரண்டும் ஒன்றுதான் மேடம், போய்ச் சேர்ந்தால் சரி" என்கிறார்கள். ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு வகை என்று திருப்பிக் கேட்டேன். அதோடு பதில் நின்றுவிட்டது.

மகளுக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள். மகனுக்கு மூன்று வயது. இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாமனாரும் மாமியாரும்தான். அவர்களை நிரந்தரமாக அழைத்துப் போக முடியாது என்று தெரியும். கணவர் இங்கே சேர்ந்து ஒன்பது ஆண்டு ஆகிறது, நான் சேர்ந்து நான்கு ஆண்டு தாண்டியிருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: இப்படியே கையெழுத்துப் போடலாமா?

இசார் கரை:

இரண்டும் ஒன்றே இல்லை. உங்கள் கணவருடைய ஐ.சி.டி. கார்டு நிறுவனத்தோடு கட்டிப்போட்டது. மேலாளர், நிபுணர் என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அந்தக் கார்டில் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. ப்ளூ கார்டு அப்படியில்லை. வேலை மாறலாம். முதல் 12 மாதத்துக்குள் மாறினால் மட்டும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் வரை நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம்.

பெரிய வேறுபாடு நிரந்தரக் குடியிருப்பில் இருக்கிறது. ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை செய்து, ஜெர்மன் ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டி, ஏ1 அளவு (தொடக்க நிலை) ஜெர்மன் மொழி தெரிந்தால் விண்ணப்பிக்கலாம். பி1 அளவு (நடுத்தர நிலை) தெரிந்தால் 21 மாதமே போதும். இந்தியச் சம்பளத்தில் வருகிறவர் அந்த நிதிக்குக் கட்டுவதே இல்லை. அவர் எத்தனை மாதம் இருந்தாலும் இந்தக் கணக்கில் ஏறாது.

இன்னொன்று. ப்ளூ கார்டுக்காரரின் துணையாக வருகிறவருக்கு மொழித் தேர்வு கிடையாது, எந்த வேலைக்கும் தடை கிடையாது. ஆகவே உங்கள் ப்ளூ கார்டை அடிப்படையாக வைத்து அவர் குடும்ப விசாவில் வந்து, அதே கிளையிலேயே நேரடி ஒப்பந்தத்தில் சேரலாம். மனிதவளத் துறைக்கு இது தோன்றாது. அவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

கையெழுத்துக்கு முன் பணக் கணக்கையும் பாருங்கள். இந்தியா, ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பி.எஃப். அலுவலகத்தில் கவரேஜ் சான்றிதழ் (இங்கே கட்டுவதால் அங்கே கட்ட வேண்டாம் என்பதற்கான சான்று) வாங்கினால் 48 மாதம் வரை இங்கேயே பி.எஃப். கட்டிக்கொண்டு அங்கே வேலை செய்யலாம். கணவரின் கடிதம் இந்த வழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனத்துக்கும் இதில் செலவு குறைவு.

நீங்கள் நேரடி ஒப்பந்தத்துக்குப் போவதென்றால் இங்கே ராஜினாமா செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு முடியாமல் விலகினால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. எல்லா நிறுவனமும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. "இழக்கும் பணிக்கொடைக்கு ஈடாகச் சேரும்போது ஒரு தொகை தாருங்கள்" என்று இப்போதே கேளுங்கள். விமானம் ஏறிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கிளம்பும் தேதியும் முக்கியம். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டு முழுவதற்கும் இங்கே குடியிருப்பவராகவே கருதப்படுவார். ஜெர்மன் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டிவரும். செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

திரும்பி வந்தவன்:

எல்லோரும் ஐ.சி.டி.யைக் குறை சொல்கிறீர்கள். மூன்று ஆண்டு போய்விட்டு வருவதுதான் எண்ணம் என்றால் அதில் என்ன தவறு? பணித்தொடர்ச்சி அறுபடாது, பணிக்கொடை போகாது, திரும்பி வர இங்கே நாற்காலி இருக்கும். இருவரும் நேரடி ஒப்பந்தத்தில் போன பிறகு நிறுவனம் அந்தக் கிளையையே மூடினால் ஒரே நாளில் இரண்டு சம்பளமும் போகும். ஒருவராவது இந்தியப் பட்டியலில் இருப்பது நல்லது என்பேன்.

போரூர்க்காரி:

நீங்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மூன்று ஆண்டில் திரும்பினால் மகள் ஏழாம் வகுப்பில் மறுபடியும் பள்ளி மாற வேண்டும். அங்கேயே தங்கிவிடலாம் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளி பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பவேரியா அப்பா:

விசாவை விட இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. நான்காம் வகுப்பில் மே மாதம் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணிதம், பொது அறிவுப் பாடம் மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிடக் கீழே இருந்தால் கிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளி. இங்கே 1 தான் முதல் மதிப்பெண், 6 கடைசி. வேற்றுமொழிப் பிள்ளைகளுக்கு 3.33 வரை தளர்வு உண்டு. இருந்தாலும் செப்டம்பரில் வந்து இறங்கும் குழந்தை எட்டு மாதத்தில் ஜெர்மனில் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்க வேண்டும் என்பது கொடுமை. தலைமை ஆசிரியரைப் பார்த்து மூன்றாம் வகுப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள்தான் "ஒரு வருஷம் வீணா?" என்று தொலைபேசியில் கேட்பார்கள்.

இன்னும் ஒன்று. தொடக்கப் பள்ளி சில நாள் 11.20க்கே விட்டுவிடும். மழைச்சட்டையும் முதுகில் பெரிய பையுமாகப் பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பாதிப் பேர் தாமாகவே நடந்து வீட்டுக்குப் போவார்கள். மதியத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ள 'ஹோர்ட்' என்ற காப்பகம் இருக்கிறது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். மகனுக்கு மழலையர் பள்ளியில் இடம் கேட்பது சட்டப்படி உரிமை. மியூனிக்கில் அந்த உரிமைக்கும் காத்திருப்புப் பட்டியல் உண்டு. இருவரும் ஒரே தேதியில் முழுநேர வேலையில் சேர்ந்தால் 11.20க்கு வாசலில் நிற்பது யார்?

போரூர்க்காரி:

இந்த 11.20ஐப் படித்துவிட்டு வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மனிதவளத் துறைக்கு மறுபடியும் எழுதினோம். நான் ஆகஸ்டில் ப்ளூ கார்டில் சேர்கிறேன். அவர் ஐ.சி.டி. வேண்டாம் என்று சொல்லி, குடும்ப விசாவில் என்னோடு வருகிறார். கிளையின் நேரடி ஒப்பந்தத்தில் ஜனவரியில் சேருவார். அதுவரை வீடும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. பணிக்கொடைக்கு ஈடாக முழுத் தொகை தரவில்லை, பாதிக்குச் சம்மதித்திருக்கிறார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். மாமியாரை முதல் மாதமே அழைத்துப் போகலாமா?

இசார் கரை:

சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். அதை ஆகஸ்டில் செலவழிக்காதீர்கள், அப்போதுதான் உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரே. ஜனவரியில் அவர் வேலைக்குப் போகும்போது மாமியாரை வரச் சொல்லுங்கள். குளிருக்கான உடுப்பை மியூனிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். தற்காலிக வீடு எடுக்கும்போது, முகவரிப் பதிவுக்கான கடிதம் தருவாரா என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். பள்ளியும் அந்த முகவரியை வைத்துத்தான்.