மறு: இனாகுலன்ட் – உரமா, உறையா, பிரையா?

அன்புள்ள குழுவினருக்கு,

நெல் தரிசு உளுந்துக்கான துண்டறிக்கை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. விதையில் புரட்டும் ரைசோபியம் (பயறுவகைச் செடியின் வேரில் வாழும் நுண்ணுயிர்) பொடியை ஆங்கிலத்தில் 'இனாகுலன்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன போடுவது? இந்த ஒரு சொல்தான் பாக்கி.

> பொட்டலத்திலேயே 'நுண்ணுயிர் உரம்' என்று இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

ஐயா, பேச்சில் 'நுண்ணுயிர்' உதிர்ந்து 'உரம்' மட்டும் நிற்கிறது. உரம்தானே என்று பொட்டலத்தை வெயிலில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே ரைசோபியம் செத்துப்போகிறது. பூசணக்கொல்லி புரட்டிய கையோடு இதையும் புரட்டுகிறார்கள். நடுவே ஒரு நாள் விட வேண்டும் என்று 'உரம்' சொல்லாது.

> உறை. புறநானூறு 276: 'குடப்பால் சில்லுறை போல'. இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

அம்மா, ஆய்மகள் நகத்தால் தெறித்த உறைமோர்த் துளி குடத்துப் பால் முழுவதையும் மாற்றிவிடுகிறது. இதற்கு மேல் உவமை கிடையாது. ஆனால் 'விதையுறை' என்றால் தாவரவியல் மாணவருக்கு விதையின் தோல். அதனால்தான் 'பிரை' கேட்கிறேன். எங்கள் வீட்டில் பால் தயிராவதற்குப் பிரை ஊற்றுவோம். ஆறிய அரிசிக் கஞ்சியில் அந்தக் கருப்புப் பொடியைக் குழைத்து, விதையில் ஒட்டப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துவதும் அதே வேலைதான்.

> இலத்தீன் மூலத்தில் 'கண்' இருக்கிறது. நமக்கும் கரும்பில் கண். ஆகவே 'கண்ணிடுதல்'.

இலத்தீனில் மொட்டையும் 'கண்' என்பார்கள்; மொட்டு ஒட்டுவதிலிருந்து வந்த சொல் என்பது சரி. ஆனால் பயிருக்குக் கண் பட்டதென்று பூசணிக்காய் சுற்றும் ஊரில் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> தயிர்ப் பிரை எந்தப் பாலுக்கும் ஆகும். கொண்டைக்கடலை ரைசோபியம் உளுந்துக்கு ஆகாதே!

நியாயமான மறுப்பு. 'உளுந்துப் பிரை' என்று பயிர்ப் பெயரை முன்னால் ஒட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதுவரை பிரைக்கு ஐவர், நுண்ணுயிர் உரத்துக்கு நால்வர். தலைப்பில் 'உளுந்துப் பிரை' என்றும், அடுத்த வரியில் 'பொட்டலத்தில் நுண்ணுயிர் உரம் என்றிருக்கும்' என்றும் போடுகிறேன். உறைமோர் என்றே சொல்லும் ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நேற்று முப்பது நாள் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரில் மிளகளவு இருந்ததைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கிறது என்று அந்த நிறத்திலேயே தெரியும். படம் எடுத்திருக்கிறேன். அதன் கீழே வேர்முடிச்சு என்று போடவா, வேர்முண்டு என்று போடவா? ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.