புதுப்பிப்பு: சி3, சி4 நார்மல் என்றால் போதாது

உடலின் எதிர்ப்பு சக்தி தன் செல்களையே தாக்கும் லூபஸ் நோய்க்கு, ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் எனும் எதிர்ப்புப் புரதங்களில் சி3, சி4 பார்த்தால் போதும் என்று முன்பு எழுதியதைத் திருத்துகிறோம். அதே வரிசையின் முதல் புரதமான சி1க்யூ பிறவியிலேயே இல்லாதவருக்கு இரண்டும் பெரும்பாலும் நார்மலாகவே வரும்; காம்ப்ளிமென்ட் வரிசை முழுதும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சிஎச்50 டெஸ்ட் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். சி1க்யூ இல்லாததால் செத்த செல்களை அள்ள ஆளில்லாமல் குப்பை தேங்கி, அதன்மேலேயே எதிர்ப்பொருள் கிளம்பி லூபஸ் வருகிறது.

ஆனால் மதுரை வெயிலில் சிஎச்50 நன்றாகவே ஏமாற்றும். காலையில் எடுத்த ரத்தம் பைக் பெட்டியில் மதியம்வரை கிடந்தால் காம்ப்ளிமென்ட் சிதைந்து, அளவு பொய்யாகக் குறையும். ரத்தம் கட்டியதும் மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரித்து, மைனஸ் 70 டிகிரியில் உறையவைத்து, உலர்பனியில் (டிரை ஐஸ்) அனுப்பச் சொல்லுங்கள். மறுபடியும் குறைந்தே வந்தால்தான் சி1க்யூ டெஸ்ட்.

சி3, சி4 சேர்ந்து சரிந்தால் அநேகமாக நோய் கிளர்ந்திருக்கிறது. சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம் 0.5 தாண்டினால் கிட்னி பயாப்சி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.